எருமைத் தடத்தில் மூன்று ஊர்கள்

"நீ என்ன பெரிய ஊர் சுற்றினவளோ?" என்று யாராவது என்னைக் கேட்டால் சும்மா விடமாட்டேன். பிரிக்பீல்ட்ஸில் என் வயதுப் பெண்கள் ரயில் லைனையே தாண்டாத காலத்தில், செமினிக்குப் பின்னாலுள்ள மலையில் எருமைத் தடம் பிடித்து ஏறியவள் நான்!

ரயில் பட்டறையில் கால் நசுங்கி அப்பா படுத்துவிட்டார், சம்பளமும் நின்றது. "ஒரு கறவை எருமை கிடைச்சா பால் வித்துப் பிழைச்சுக்குவேன். இல்லாட்டி கப்பலேறி ஊருக்குப் போய் யார் வாசல்ல நிக்கிறது?" என்று அம்மா தன் தம்பியிடம் கேட்டாள். மாமா மாட்டுவண்டிக்காரர். மலை உச்சியில் ஒரு கம்பத்தில், அதாவது மலாய்க்காரர் கிராமத்தில், நல்ல எருமை இருப்பதாகச் சொல்லி, எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். எனக்கோ எருமையைவிட மலைதான் பெரிது. முதல் நாள் இரவு பொட்டுத் தூக்கமில்லை.

செமினியில் வண்டியை விட்டுவிட்டு நடந்தோம். ரோடு போடுவதற்கு முன்னால், மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஈயச் சுரங்கங்களுக்கு எருமைகளை ஓட்டிவந்த தடமாம் அது. குளம்பு பட்டுப் பட்டு, என் இடுப்பு ஆழத்துக்கு வாய்க்காலாகக் கிடந்தது. அடிவாரத்தில் ஆளில்லாத ஒரு பழைய ஊர். வீட்டுத் தூண்களும் டுரியான் மரங்களும்தான் மிச்சம். "ராஜா காலத்து ஊரு, தெரியுமா?" என்றார் மாமா. எந்த ராஜா என்று கேட்டேன். "பேசாம நட லா!" பாதி மலையில் இன்னோர் ஊர். எருமைகளை ராத்தங்க வைக்கும் பட்டி மூங்கில் வேலியோடு அப்படியே இருந்தது. உச்சியில் மூன்றாவது. மூங்கில் குழாயில் ஊற்றுத் தண்ணீர் வீட்டு வாசலுக்கே ஓடி வருகிறது! காலுக்குக் கீழே மேகம்! நான் போட்ட கூச்சலில் கோழிகள் சிதறி ஓடின.

அந்த ஊர் எல்லையில் ஆளுயரக் கல் ஒன்று நின்றது. கன்னங்கரேலென்று, எண்ணெய் பூசினாற்போல் மினுமினுத்தது. அம்மா அப்படியே நின்றுவிட்டாள். "ஐயோ முனியப்பா, இந்தக் காட்டுக்கும் வந்துட்டியா!" மடியிலிருந்த திருநீற்றைப் பூசி, குங்குமம் வைத்து, விழுந்து கும்பிட்டாள். எதற்கும் இருக்கட்டுமென்று நான் தோப்புக்கரணம் போட்டேன். பக்கத்து வீட்டிலிருந்து இறங்கி வந்த மலாய்க் கிழவி எங்களைப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சொன்னதைக் கேட்டு மாமாவும் சிரித்தார்.

"அக்கா, அது சாமி இல்ல. எருமைங்க முதுகு சொறியிற கல்லாம்! தேய்ச்சுத் தேய்ச்சுப் பளபளன்னு ஆயிருக்கு."

எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அம்மா சிரிக்கவில்லை. "எருமைக்காகத்தானே வந்தோம். அதுங்க தேய்ச்ச கல்லே போதும்" என்று சொல்லி, பாதியில் விட்ட கும்பிடைக் கும்பிட்டு முடித்தாள்.

நாங்கள் தேடி வந்த எருமை அந்தக் கிழவியுடையதுதான். கன்றோடு நின்றது. கிழவி லேசில் மசியவில்லை. மாமா கெஞ்சியும் மாட்டேனென்று தலையை ஆட்டிவிட்டாள். பிறகு அம்மா அவளை வீட்டுக்குள்ளே தனியாக அழைத்துப் போனாள். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. திரும்பி வந்தபோது எருமைக் கயிறு அம்மாவின் கையில் இருந்தது. கிழவி இப்போது சிரிக்கவில்லை; அம்மாவின் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள். நான் கன்றைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

இறங்கும் வழியெல்லாம் அம்மா முந்தானையைக் கழுத்தோடு இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அட்டை ஏறிவிட்டதோ என்று எனக்குப் பயம். ஓடையில் அவள் முகம் கழுவக் குனிந்தபோது எட்டிப் பார்த்தேன். கழுத்தில் கயிறும், அதில் கோத்த ஒரு துண்டு மஞ்சள் கிழங்கும்தான் இருந்தன. அட்டை இல்லை. அப்பாடா என்றிருந்தது.

எருமை வீட்டு வாசலுக்கு வந்ததும் தெருவே கூடிவிட்டது. அப்பாவைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். நான் மூச்சுவிடாமல் மூன்று ஊர்க் கதையையும் அளந்துகொண்டிருந்தேன். அப்பா எருமையைப் பார்க்கவில்லை; அம்மாவின் கழுத்தையே பார்த்தார். பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. பாவம், இவரும் அட்டைக்குத்தான் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

"அம்மாவ ஒண்ணும் கடிக்கலப்பா! நான் நல்லாப் பார்த்துட்டேன்" என்றேன்.