நான் பதிவு செய்யாத கச்சேரி

அந்த இசைக்குழுவின் நால்வரும் கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் இளையவர்கள். ஒரு பாட்டைத் தொடங்குவார்கள். அது முடிய வேண்டிய இடத்தில் முடியாது. கிதார் ஒரு பக்கம் இழுக்கும், கீபோர்டு இன்னொரு பக்கம் போகும். அரை மணி நேரம் கழித்து நால்வரும் சொல்லிவைத்தாற்போல் ஓரிடத்தில் வந்து சேருவார்கள். உண்மையில் எதையும் சொல்லிவைத்திருக்க மாட்டார்கள். அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் ஒருவர் பயமில்லாமல் இருக்க முடியும் என்பதே எனக்கு ஆச்சரியம். தேர்வுக்கு நான்கு பேனா எடுத்துப்போகிற ஆள் நான்.

ஜாம் பேண்ட் என்பார்கள். ஒருமுறை வாசித்தது மறுமுறை வராது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். கச்சேரியில் யாரும் ஃபோனைத் தூக்கிப் பிடிக்கக் கூடாது. ஒருவர் மட்டும் முழுவதையும் ஃபோனில் ஒலிப்பதிவு செய்து எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். அந்த ஒருவர் நான். ஸ்டாண்டை எங்கே, எந்த உயரத்தில் வைத்தால் டிரம்ஸ் மற்ற ஓசைகளை விழுங்காது என்று எனக்குத் தெரியும். நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடும் என்பதால் ஃபோனை ஃப்ளைட் மோடில் போட்டு, பதிவைத் தொடங்கிவிட்டு, பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வேன். ஏழு மாத வயிற்றோடுகூடப் போயிருக்கிறேன்.

குழந்தை பிறந்த பிறகு பத்து மாதம் போகவில்லை. அப்போதுதான் செய்தி வந்தது: கிதார் வாசிப்பவன் கனடா போகிறான், இதுதான் கடைசி. இரும்புலியூரில் ஒரு சர்ச் ஹால், ஞாயிறு மதியம்.

"போயிட்டு வா. நான் இருக்கேன்ல?" என்றார் கணவர்.

மாமியார் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையிடம் சொன்னார். "அம்மா கச்சேரிக்குப் போறாங்களாம்டி தங்கம். நமக்கு யாரு சோறு ஊட்டுவா?"

முடிச்சூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் போவதற்குள் இரண்டு முறை வீட்டுக்குப் பேசிவிட்டேன். ஹாலில் ஸ்டாண்டை வைத்துவிட்டு ஃப்ளைட் மோடுக்குப் போன விரல் நின்றது. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? போடவில்லை.

என் தயக்கத்தைப் பார்த்த ஜூனியர் பெண் ஒருத்தி, "அக்கா, டென்ஷனா இருந்தா நான் எடுக்கட்டா? என் ஃபோன் ஃபுல் சார்ஜ்ல இருக்கு" என்றாள்.

"வேணாம்மா, நான் பாத்துக்கறேன்."

கொடுத்திருக்கலாம். இந்த ஒரு வேலையையும் கொடுத்துவிட்டால் நான் அங்கே யார் என்று தோன்றியது.

முதல் பாட்டின் நடுவில் திரை ஒளிர்ந்தது. வீட்டிலிருந்துதான் இருக்கும். நாற்காலிகளை இடித்துக்கொண்டு ஓடி, ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"பாப்பாக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலை, ஏன் கத்தற? சித்தி வந்திருக்காங்க. அந்த மஞ்ச ஃப்ராக் எங்க வெச்ச?"

"பீரோல, ரெண்டாவது தட்டு."

"அங்க இல்லன்னு அம்மா சொல்றாங்க."

"வேற ஏதாவது போட்டு விடுங்களேன்!"

"சரி சரி, கோவப்படாத. நீ என்ஜாய் பண்ணு."

உள்ளே போய் ஃபோனை ஸ்டாண்டில் பொருத்தினேன். கோபத்தில் ஃப்ளைட் மோடைப் போட்டது நன்றாக நினைவிருக்கிறது. உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. பதிவை மறுபடி தொடங்கினேனா?

திரை அணைந்திருந்தது. பதிவு ஓடும்போதும் அது அணைந்துதான் இருக்கும். எழுந்து போய்ப் பார்க்கலாம். ஆனால் முதல் முறை ஓடியபோதே கிதார்காரன் நிமிர்ந்து பார்த்திருந்தான். அழுத்தியிருப்பேன், கை பழகிய வேலைதானே என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த நிமிடம், அழுத்தவில்லை என்று உறுதியாகத் தோன்றியது. இடையே இன்னொரு பயம்: இப்போது உண்மையிலேயே குழந்தைக்கு ஏதாவது ஆகி, அவர்கள் என்னை அழைக்க முடியாமல் போனால்?

கடைசிப் பாட்டை ஒரு மணி நேரம் வாசித்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் அழுதார்கள். அதில் ஒரு வரி இசைகூட என் நினைவில் இல்லை. இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் போய்ப் பார்த்தேன். பதிவு பத்தொன்பதாவது நிமிடத்தோடு நின்றிருந்தது.

கிதார்காரன் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "அனுப்பிடுங்கக்கா. ஃப்ளைட்ல கேட்டுட்டே போறேன்."

"மெமரி ஃபுல் ஆயிடுச்சுப்பா" என்றேன். "எல்லாம் பாப்பா வீடியோ. பாதியிலயே நின்னுடுச்சு."

அவன் முகம் ஒரு கணம் வெறுமையானது. பிறகு சிரித்தான். "விடுங்கக்கா. குழந்தை இருக்கற வீட்ல அப்படித்தான்." சுற்றி நின்றவர்களும் தலையசைத்தார்கள். அம்மா ஆகிவிட்டால் இதெல்லாம் நடக்கும் என்று ஒருத்தி எனக்கு ஆறுதல்கூடச் சொன்னாள்.

பத்து மாதக் குழந்தையின் மேல் பழியைப் போட்டிருந்தேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒருவராவது ஃபோனை வாங்கிப் பார்த்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன் என்றும் தோன்றுகிறது.