மூன்று கல்

பிள்ளைகளே, வருகிற ஞாயிறு நண்பர்களோடு சிங்ககட் கோட்டைக்கு சைக்கிளில் போவதாகச் சொன்னீர்கள். போங்கள். அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நீங்கள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள் என்பதால் நீட்டி எழுதவில்லை.

அது தொண்ணூற்றெட்டாம் வருடம், ஆகஸ்ட் மாதம். நீங்கள் பிறக்கவில்லை. தாபோடியில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் நான் ஃபிட்டர். உங்கள் மாமன், அம்மாவின் தம்பி, வேலை தேடி வேலூரிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. இந்தி, மராத்தி ஒரு வார்த்தை தெரியாது. ஊரைக் காட்டுகிறேன் என்று கோட்டைக்கு அழைத்துப் போனேன். புதிதாக வாங்கிய பழைய கியர் சைக்கிளை ஓட்டிக் காட்டும் ஆசையும் எனக்கு இருந்தது.

அவன் ஓட்டி வந்த வாடகை சைக்கிளை அடிவாரத்து டீக்கடையில் விட்டோம். என்னுடையதைத் தள்ளியும் தோளில் சுமந்தும் ஒற்றையடிப் பாதையில் மேலே ஏற்றினேன்.

“மாமா, இது உங்கள சுமக்குமா, நீங்க இத சுமக்கணுமா?” என்று சிரித்தான்.

“எறங்கும்போது பாருடா.”

கோட்டை வாசலில் ஒரு மௌஷி மண் சட்டியில் தயிர் விற்றார். சித்தி முறையில் அந்த ஊர்ப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம். ஆளுக்கு இரண்டு சட்டி சாப்பிட்டோம். அவனுக்கு இன்னும் சுற்றிப் பார்க்க ஆசை. எனக்குக் கீழே ஓட்டிப் போக அவசரம்.

“வழி தெரியும்ல?”

“பார்த்து வெச்சிருக்கேன் மாமா. நீங்க போங்க.”

பாதி வழியில், பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் டயர் பஞ்சர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினேன். சரிவில் ஆடியது. பக்கத்தில் தட்டையான மூன்று கல் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன, எனக்கென்றே யாரோ எடுத்துவைத்த மாதிரி. ஹேண்டில்பாருக்கு முட்டுக் கொடுத்து ஒட்டுப் போட்டு முடித்தேன். வேலை முடிந்தால் தரையில் எதுவும் கிடக்கக் கூடாது, யார் காலும் இடறக் கூடாது என்பது எங்கள் தொழிற்சாலையில் கண்டிப்பு. அந்தப் பழக்கத்தில் மூன்று கல்லையும் புதருக்குள் வீசிவிட்டு இறங்கினேன்.

கீழே வந்து சேர்ந்ததும் மேலே எல்லாவற்றையும் பனிமூட்டம் மூடிவிட்டது. ஒரு மணி நேரம் காத்திருந்தேன். அவன் வரவில்லை. தயிர் விற்ற மௌஷிதான் காலிக் கூடையோடு இறங்கி வந்தார்.

“உன் ஆள் எனக்கு முன்னாடியே கிளம்பிட்டானே, இன்னும் வரலையா?” என்று மராத்தியில் கேட்டார். உடனே அவர் முகம் மாறியது. “பிரியிற இடத்துல அடையாளக் கல்லைக் காணோம். எந்தக் கழுதை எடுத்துச்சோ! இடது பக்கம் போனா பள்ளம்.”

அவர் கூடையை டீக்கடையில் போட்டுவிட்டு, இறங்கின மலையை மறுபடி ஏறினார். நான் பின்னால் ஓடினேன்.

இடது பாதையில் நின்று அவர் குரல் கொடுத்தார். இரண்டாவது முறைக்குப் பதில் வந்தது, தமிழில்.

“மாமா! இங்க இருக்கேன்! கீழ தரையே தெரியல, உக்காந்துட்டேன்!”

புதரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் காலுக்கு நாலடி முன்னால் தரை இல்லை. மௌஷிதான் முந்தானையை நீட்டி, அவன் அதைப் பிடித்துக்கொள்ள மேலே இழுத்தார்.

“ஏறும்போது அங்க இருந்த மூணு கல்ல அடையாளமா பார்த்து வெச்சிருந்தேன் மாமா. எறங்கும்போது காணோம்,” என்றான். மௌஷி அந்தக் கழுதையை வழி நெடுகத் திட்டிக்கொண்டு வந்தார். நான் இரண்டு பேரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. மாமனிடம் இன்றுவரை சொல்லவில்லை. நீங்கள் படித்த பிறகு அவனுக்கும் படித்துக் காட்டுங்கள்.

படிக்காதவர்கள் கூட வழிப்போக்கருக்கு எழுதிவைக்கும் எழுத்து அந்தக் கல் அடுக்கு. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. என் கண்ணுக்குக் குப்பையாகப் படுவது இன்னொருவருக்கு உயிராக இருக்கலாம் என்று அன்றிலிருந்து எதையும் தூக்கி எறியும் முன் ஒரு நிமிடம் நிற்கிறேன்.

அடுத்த ஞாயிறு தனியாகப் போனேன், சைக்கிள் இல்லாமல். அதே இடத்தில் மறுபடி மூன்று கல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன; மௌஷியாகத்தான் இருக்கும். தட்டையான கல் ஒன்றைத் தேடி எடுத்து, ஆடாமல் இருக்கிறதா என்று இரண்டு முறை அழுத்திப் பார்த்து, நான்காவதாக வைத்துவிட்டு இறங்கினேன்.