எந்தக் கறின்னு கேளு

எழுபதுகளின் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அரியலூரில் நான் படித்த பள்ளிக்கூடத்தின் மேடையில் நின்று கங்காருவைப் பற்றிப் பேசினேன். கங்காருவை நான் பார்த்ததில்லை. கேட்க வந்தவர்களும் பார்த்ததில்லை. பார்த்திருந்த ஒரே ஆளுக்குத் தமிழ் தெரியாது. அதனால்தான் என்னை மேடையேற்றினார்கள்.

அந்த ஆள் ஆஸ்திரேலியாக்காரர். எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குழிகளில் கல்லாகிப்போன சங்கும் நத்தையும் தேட வந்திருந்தார். நத்தைக்காக ஒருவர் கடல் தாண்டி வருவார் என்பதை ஊர் நம்பவேயில்லை, தங்கம் தேடுகிறார் என்றே பேச்சு. பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை அவரைப் பிடித்து, பிள்ளைகளுக்கு உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டார். மொழிபெயர்க்க வேண்டிய இங்கிலீஷ் வாத்தியாருக்கு மஞ்சள் காமாலை. பழைய மாணவி, பியுசி முடித்துவிட்டு வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று எனக்கு ஆள் அனுப்பினார்கள்.

சும்மா எங்கே இருந்தேன்? அப்பாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எனக்குத் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி விலங்கியல் படிக்க ஆசை. அத்தைக்கு என்னைத் தன் மகனுக்குக் கட்டிவைக்க ஆசை. அத்தை மகன் நல்லவன், அதுதான் தொல்லை. குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. ஜெயங்கொண்டம் கடைவீதியில் கறிக்கடை வைத்திருந்த அப்பா எந்தப் பக்கமும் சாயாமல், "தெரியாத ஊருல பொட்டப்புள்ள தனியா எப்புடி இருக்கும்?" என்ற ஒரே கேள்வியில் நின்றார். கூட்டத்துக்குக் கூப்பிட்டதைச் சொன்னதும், "நானும் வரேன். நீ பேசறதப் பாத்துட்டு முடிவு சொல்றேன். அப்பறம் மல்லுக்கு நிக்கக் கூடாது" என்றார். வெள்ளிக்கிழமை கறி போணியாகாத நாள். கடையை அடைத்துவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார்.

தலைமையாசிரியை என்னை "ஜெயங்கொண்டம் கறிக்கடைக்காரர் மகள்" என்று சொல்லி அறிமுகப்படுத்திவிட்டு, முன்வரிசையில் அப்பாவையும் கைகாட்டினார். பிறகு டீ, பிஸ்கட் ஏற்பாட்டைக் கவனிக்கப் பின்பக்கம் போய்விட்டார். சுவரில் வேட்டியைக் கட்டி, ஸ்லைடு மெஷினைப் போட்டார்கள்.

வந்தவர் பிறந்தது ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே, கங்காருத் தீவு என்ற தீவில், ஓர் ஆட்டுப்பண்ணையில். ரொம்பக் காலத்துக்கு முன்னால் கடல் மேலேறி அந்த நிலத்தைத் துண்டாக்கிவிட்டதாம். அங்கே மாட்டிக்கொண்ட கங்காருக்கள் போகப் போகத் தனி வகையாகிவிட்டன. அக்கரையில் இருக்கும் சொந்தக்காரர்களைவிட நிறம் மங்கல், கரும்பழுப்பு. முடி நீளம், உடம்பு கட்டை, ஓட்டத்தில் மந்தம். பகலெல்லாம் புதர் நிழலில் படுத்துக் கிடக்கும். வெக்கை தாங்காவிட்டால் முன்னங்கையை நக்கி நக்கி ஈரமாக்கிக்கொள்ளும். பொழுது சாய்ந்ததும் கூட்டமாகப் புல் மேய வரும். இதையெல்லாம் தங்குதடையில்லாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். 'டுடே' அவர் வாயில் 'டுடை' ஆனதைக்கூடச் சமாளித்துவிட்டேன்.

அப்புறம் வந்தது வினை. முதிர்ந்த ஆண் கங்காருமேல் 'கரி' (curry) வாசனை வரும் என்றார். நானும் யோசிக்காமல், "பெரிய ஆண் கங்காரு மேல கறி வாசனை அடிக்குமாம்" என்றேன்.

ஹாலே திரும்பி அப்பாவைப் பார்த்தது. பின்னாலிருந்து ஒருவர், "அதுவும் கடை வெச்சிருக்குதா?" என்றார். ஒரே சிரிப்பு. எனக்குக் காதெல்லாம் சுட்டது. அப்பா எழுந்தார். கோபித்துக்கொண்டு வெளியே போகப்போகிறார், போகிற வழியில் அத்தைக்குச் சம்மதம் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

"எந்தக் கறின்னு கேளு" என்றார். "ஆட்டுக்கறியா, கோழிக்கறியா?"

கேட்டேன். வந்தவர் திருதிருவென்று விழித்துவிட்டு, ஆடும் இல்லை கோழியும் இல்லை, நீங்கள் தினமும் சோற்றில் ஊற்றிக்கொள்கிறீர்களே அதுதான் என்றார். அப்போதுதான் உறைத்தது. அவர் ஊர்க் கறி நம் ஊர்க் குழம்பு. திருத்திச் சொன்னேன்.

"கொழம்பு வாசன வீசற பிராணிய இன்னுமா உட்டு வெச்சிருக்காங்க?" என்றார் அப்பா. இந்தத் தடவை ஹால் அவரோடு சேர்ந்து சிரித்தது.

அதற்குப் பிறகு அவர் உட்காரவேயில்லை. சண்டை போடுமான்னு கேளு என்றார். வாலை ஊன்றிக்கொண்டு இரண்டு காலாலும் உதைக்குமாம். குட்டி எப்ப பையிலேருந்து எறங்கும்னு கேளு என்றார். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் பழகுமாம், இறங்கிய பிறகும் தலையை மட்டும் உள்ளே விட்டுப் பால் குடிக்குமாம். பதில் அவருக்கு முக்கியமாகத் தெரியவில்லை. நான் இங்கிலீஷ் பேசும்போது அவர் உதடும் கூடவே அசைந்தது. நான் இங்கிலீஷ் பேசுவதைக் கேட்கத்தான் கேள்விமேல் கேள்வி போடுகிறார் என்று புரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஏன் மந்தமா இருக்குன்னு கேளு."

அந்தத் தீவில் நரி இல்லை, ஆஸ்திரேலியாவின் காட்டுநாயும் இல்லை. துரத்துகிற மிருகம் இல்லாததால் அவசரமும் இல்லை, பயமும் குறைவு. கிட்டே போனாலும் நின்று பார்க்கும் என்றார்.

அப்பா சுவரில் தெரிந்த கங்காருவை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "அப்புடி பயமில்லாம வளந்தத, காட்டுநாய் இருக்கற எடத்துல கொண்டுபோயி உட்டா என்ன ஆவும்னு கேளு" என்றார்.

அவர் கங்காருவைப் பற்றிக் கேட்கவில்லை. என்னைத் திருச்சிக்கு அனுப்புவதைக் கேட்கிறார். இங்கிலீஷில் கேட்டேன். வந்தவர் வழுக்கையைத் தடவிக்கொண்டே, "பாவம், ரொம்ப நாள் தாங்காது" என்றார். அது அந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் புரிந்தது. பழகிக்குமாம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம், நாக்கு நுனிவரை வந்தது.

"ரொம்ப நாள் தாங்காதுன்னு சொல்றாருப்பா" என்றேன்.

அப்பா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த வெள்ளைக்காரர்மேல் கெட்ட கோபம். அவ்வளவு தூரம் வந்த மனுஷன் எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா? முந்திரித் தோப்புகள் வந்ததும் அப்பா கேட்டார்.

"நீ மாத்திச் சொல்லிருக்கலாமே, பாப்பா. எனக்கு எங்க தெரியப்போவுது?"

"அவரு அப்புடித்தாம்ப்பா சொன்னாரு."

"தெரியும். பொய்யா இருந்தா உனக்குச் சாதகமால்ல சொல்லிருப்ப." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார். "தராசுல வெரல் வெக்காத ஆளு ஒண்ணு என் கடைக்கு இன்னும் அமையல. வூட்டுலதான் இருந்திருக்கு. திங்கக்கெழம திருச்சிக்குப் போவோம்."

"அத்தைகிட்ட?"

"அத நான் பாத்துக்கறேன். நீ அந்தக் கங்காரு மாரி நின்னு பாத்துக்கிட்டு இருக்காத. நாய் வந்தா ஓடு."