எஸ்டேட்டுக்கே ஒரே பாஸ்வர்ட்

கோபம் இன்னும் அடங்கவில்லை.

லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்று பிரிஞ்சாங் டவுனில் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்திருந்தேன். இன்று வாங்கப் போனேன். திறந்தால், நான் கடிதம் எழுதும் இலவச மென்பொருளைக் காணோம். ஆன்டிவைரஸும் அணைந்து கிடக்கிறது.

கடைக்கார அண்ணனிடம் கேட்டேன்.

"ஃப்ரீயா கெடைக்கிறதுல வைரஸ் இருக்கும்லா தங்கச்சி. அத தூக்கிட்டு, காசு குடுத்து வாங்குற சாமானா போட்டிருக்கேன்."

"காசு குடுத்து வாங்கினீங்களாண்ணே?"

"இல்லலா, கிராக் பண்ணது. ஆன்டிவைரஸ் அத உள்ள விடமாட்டேங்குது, அதான் ஆஃப் பண்ணிட்டேன்."

திருட்டுச் சரக்கை உள்ளே விட, வாசல் காவலையே அனுப்பிவிட்டார்.

அதோடு நிற்கவில்லை. என் பாஸ்வர்டையும் மாற்றி, புதியதை ஒரு துண்டுத்தாளில் எழுதி நீட்டினார்.

"ஒங்க எஸ்டேட்லேருந்து வர்ற எல்லாத்துக்கும் இதே பாஸ்வர்ட்தான். நீங்க மறந்தாலும் நான் சொல்லிடுவேன்லா."

பெரிய உதவி செய்த சிரிப்பு வேறு. அந்த லேப்டாப்பில்தான் என் பாப்பா பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள், அவளுடைய பிறப்புப் பத்திரம் எல்லாம் இருக்கின்றன. இதுவரை யார் யார் திறந்து பார்த்தார்களோ!

படங்களையும் பத்திரத்தையும் மட்டும் எடுத்து வைத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றியாயிற்று. அந்த இலவச மென்பொருளையும் அதன் சொந்தத் தளத்திலிருந்தே மறுபடி இறக்கிவிட்டேன்.

நம் எஸ்டேட்டில் வேறு யாரெல்லாம் அந்தக் கடையில் லேப்டாப் கொடுத்தீர்கள்? உடனே பாஸ்வர்டை மாற்றுங்கள். உங்கள் எல்லாருடையதும் இப்போது எனக்கும் தெரியும்.