காப்பி மணியும் வேக லைனும்

ஒரத்தநாட்டில் எங்கள் வீட்டு மாடியில்தான் என் கல்யாண வீடியோ ஸ்டுடியோ இருக்கிறது. மாடியில் நான் எடிட்டிங் செய்வேன். கீழே, அடுப்படியை ஒட்டிய அறையில், என் மனைவி அதைச் சரிபார்த்து வாடிக்கையாளருக்குக் கொடுப்பாள். இரண்டு கம்ப்யூட்டர்களுக்கும் நடுவே ஒரு கேபிள். போன வருஷம் இரண்டு மெஷினையும் மாற்றினேன், கேபிள் மட்டும் பழையது. இனி வேகம் பத்து மடங்கு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

முதல் பெரிய வேலையிலேயே மானம் போனது. கல்யாண ஜோடி மூன்று மணிக்குத் திருச்சி விமான நிலையத்துக்குக் கிளம்புகிறது. வீடியோவைக் கையோடு துபாய்க்குக் கொண்டுபோக வேண்டும். பெண்ணின் அம்மா காலையிலிருந்து நாலு முறை போன் செய்துவிட்டார். பன்னிரண்டு மணிக்கு ஃபைலைக் கீழே அனுப்பத் தொடங்கினேன். முடிய ஐந்து மணி நேரம் ஆகும் என்றது திரை.

எனக்குக் கோபம் வந்தால் அறிவு வெளியே போய்விடும். ஆன்டிவைரஸைத் திட்டிக்கொண்டே நிறுத்தினேன். இரண்டு மெஷினையும் அணைத்துப் போட்டேன். லைன் வேகம் ஆயிரம் இருக்க வேண்டிய இடத்தில் நூறு என்று காட்டியது. மெஷின் பொய் சொல்கிறது என்று முடிவுகட்டி, விற்ற கடைக்காரரைப் போனில் பிடித்தேன்.

"கேபிள பாத்தீங்களா சார்?" என்றார், பாவம்.

"கேபிள் நானே போட்டது!" என்று போனை வைத்துவிட்டேன்.

நடுநடுவே காப்பி மணியையும் அழுத்தினேன். என் மேஜையில் பொத்தான், அடுப்படியில் மணி. ஒரு தடவை அடித்தால் காப்பி, இரண்டு தடவை அடித்தால் டீ. என் சொந்தக் கண்டுபிடிப்பு, ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை.

மூன்றாவது காப்பியோடு வந்த மனைவி திரையைப் பார்த்தாள். "ஹார்ட் டிஸ்க்க கழட்டிக் குடுங்க. நானே எடுத்துட்டுப் போறேன்."

"அப்ப லைன் எதுக்குப் போட்டேன்?"

"சரி, லைன நடந்து பாத்தீங்களா?"

அவளுக்கு முத்துப்பேட்டைப் பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர். அங்கே வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், மதகிலிருந்து வாய்க்காலோடு நடந்து பார்ப்பார்கள். அவள் கேபிளில் கையை வைத்து, படி படியாக இறங்கினாள். கேலி செய்யலாம் என்று நானும் பின்னால் போனேன்.

கீழே, கம்ப்யூட்டருக்கு ஒரு முழம் முன்னால், கறுப்பு டேப் சுற்றிய முடிச்சு ஒன்று. அதிலிருந்து நாலு மெல்லிய ஒயர் பிரிந்து சுவரோரமாக அடுப்படிக்குள் போனது.

"கிளை வாய்க்கால்," என்றாள். "யாரு வெட்டுனது?"

ஒயர்கள் காப்பி மணியில் போய் முடிந்தன.

வெட்டியது நான்தான். கேபிளுக்குள் எட்டு ஒயர் உண்டு. பழைய மெஷின்களுக்கு நாலே போதும். மீதி நாலும் சும்மா கிடக்கிறதே என்று இரு முனையிலும் உருவி, பேட்டரி போட்டு மணிக்குக் கொடுத்திருந்தேன். புது வேகத்துக்கு எட்டும் வேண்டும். நாலுதான் கிடைத்ததால் மெஷின்கள் பழைய வேகத்துக்கே இறங்கி, அதை ஒளிக்காமல் திரையிலும் காட்டியிருக்கின்றன.

"எங்க ஊர்ல இப்படித் திருட்டுத்தனமா வெட்டியிருந்தா கரையில நிக்க வச்சிக் கேட்டிருப்பாங்க," என்றாள்.

வெட்கமாக இருந்தது. மணியை அறுத்துவிட்டு, இரு முனையிலும் எட்டு ஒயரையும் சேர்த்துப் புது பிளக் அடித்தேன். லைன் ஆயிரம் காட்டியது. அரை மணியில் ஃபைல் கீழே இறங்கிவிட்டது.

மூன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது பெண்ணின் அம்மா காரில் வந்து வாங்கிக்கொண்டார். "எவ்ளோ வேகமா முடிச்சிட்டீங்க!" என்றார். மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

கார் கிளம்பியதும் மாடிக்குப் போய், நிம்மதியாக உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் பொத்தானை அழுத்தினேன். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து குரல் வந்தது.

"என்னங்க! காப்பி ஆறுது. லைனப் புடிச்சிக்கிட்டே நடந்து வாங்க!"