காலியாக விட்ட கட்டம்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்த பெயர் கட்டம் அக்கா. ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை. ரத்தப் புட்டியோடு வரும் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: ‘முன்பே கொடுத்த மருந்து, கொடுத்தவர்’. அழகுக்கு அச்சடித்தது என்று வார்டில் நினைத்துக்கொண்டார்கள் போல, ஒருவரும் நிரப்புவதில்லை. கிருமியைக் கொல்லும் மருந்து முதலில் உடம்புக்குள் போய்விட்டால் புட்டியில் கிருமி முளைக்காது. முளைக்காத கிருமிக்கு அவள் எப்படிப் பெயர் சொல்வாள்? போன் போட்டுக் கத்துவாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

இந்த முறை வந்த மூன்று புட்டியும் அவள் தங்கை மகளுடையவை. வயது நாலு. பிறவியிலேயே இதயத்தில் சின்ன ஓட்டை. ஒன்றரை மாதமாக விட்டுவிட்டுக் காய்ச்சல். கிருமி உள்ளே புகுந்து வால்வை அரித்துவிட்டது. ஐந்து நாளாகியும் புட்டியில் ஒன்றும் முளைக்கவில்லை. கட்டமும் காலி. இன்று காலை குழந்தைக்கு மூச்சுத் திணறவே, உடனே ஆபரேஷன் என்றார் சர்ஜன். "என்ன கிருமின்னு தெரியாம எந்த மருந்தைப் போடறது?" என்று அவளிடமே எரிந்து விழுந்துவிட்டு உள்ளே போனார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்த தங்கையிடம் போனாள்.

"எந்த டாக்டர்டி மருந்து கொடுத்தான்? ஒரு வரி எழுதத் துப்பில்ல அவனுக்கு?"

"டாக்டர் இல்லக்கா. உன் பையனுக்கு வாங்கின ஆன்டிபயாடிக் பாதி பாட்டில் மிச்சம் இருக்குன்னு நீதானே கொடுத்துவிட்ட? காய்ச்சல் வந்தப்பல்லாம் ஒரு மூடி ஊத்தினேன். இங்க சேர்க்கற அன்னிக்குக் காலையிலகூட."

"வார்டுல கேட்டப்ப ஏன்டி சொல்லல?"

"உன் வேலைக்கு எதாவது ஆயிடுமோன்னுதான்."

அவளுக்கு அது மறந்தே போயிருந்தது. ஊருக்குத்தான் உபதேசம். திட்ட ஆள் இல்லாமல் படியிறங்கினாள்.

மதியம் தியேட்டர் நர்ஸ் சின்ன டப்பாவோடு வந்தாள். வெட்டியெடுத்த வால்வுத் துணுக்கு.

"குழந்தை தாங்கிட்டா. இதுலயாவது முளைக்குமான்னு டாக்டர் கேக்கறார்."

துணுக்கை வளர்ப்புத் தட்டில் வைத்து மூடினாள். பிறகு படிவத்தை இழுத்தாள். வழக்கம்போலக் கட்டம் காலி. மருந்தின் பெயரை எழுதினாள். கொடுத்தவர் என்ற இடத்தில் கை நின்றது. வார்டு முழுக்கப் படித்துச் சிரிக்கும். தன் பெயரை எழுதி, பக்கத்தில் ‘சோதனைக்கூடம்’ என்று சேர்த்தாள். போனை எடுத்தாள்.

"டாக்டர், அந்தக் கட்டத்தை நிரப்பிட்டேன். படிக்கிறேன், எழுதிக்குங்க."