அண்ணன் போனின் வாயை அடைத்தேன்

கடந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு செல்போனைச் சரிசெய்ய ஆந்திராவில் இருக்கும் வரதய்யபாளையம் போய்வந்தேன். நான் ஒன்றும் மெக்கானிக் இல்லை. கெடுத்தவன் நான்... அதனால் போனேன்.

போன் என் பெரியம்மா மகன் முனிரத்தினம் அண்ணனுடையது. நாலு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார். இரண்டு மாதம் முன்பு திருச்சானூரில் ஒரு கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்தில் பல போன்கள் ஒரே சமயத்தில் அலறின. பேரிடர் எச்சரிக்கைக்கான சோதனைச் செய்தி! மற்றவர்கள் அமுக்கிவிட்டார்கள். அண்ணனுக்கு அமுக்கத் தெரியவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

நான் சும்மா இருப்பேனா? போனை வாங்கினேன். செட்டிங்ஸுக்குள் போய் அவசர எச்சரிக்கை - ஆஃப். லோன் வேணுமா என்று கேட்டு வருகிறதே என்று எஸ்எம்எஸ்களுக்கும் மொத்தமாகச் சத்தம் ஆஃப். இனிமேல் தொல்லை இல்லை என்று பெருமையாகத் திருப்பிக் கொடுத்தேன். அவர் கேட்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

கடந்த மாதம் பெய்த மழையில் ஏரி நிரம்பி ஓடையில் தண்ணீர் திறந்தார்கள். எச்சரிக்கை ஒரு மணி நேரம் முன்பே வந்திருக்கிறது. அண்ணன் மேட்டு நிலத்தில் இருந்தார். மாடுகள் ஓடைக்கரைக் கொட்டகையில். சட்டைப்பையில் இருந்த போன் மூச்சு விடவில்லை. பக்கத்து நிலத்துக்காரம்மா ஓடிவந்து சொன்னபோது கொட்டகையில் இடுப்பளவு தண்ணீர். மூன்று மாடுகளை அவிழ்த்துவிட்டார். நாலாவது சினைமாடு. அது போய்விட்டது.

விஷயம் தெரிந்ததும் நேரில் போய், ஆஃப் செய்தது நான்தான் என்று சொன்னேன். சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். எச்சரிக்கை இல்லாவிட்டால் என்ன, மெசேஜும் வந்திருக்குமே, எடுத்துப் பார்த்திருக்கலாமே என்று ஒரு வார்த்தை வேறு சேர்த்தேன்.

அண்ணன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"எல்லாம் தெலுங்குல இங்கிலீசுல வருதுப்பா. தெலுங்கு பேசுவேன், எழுத்து வராது. அது கத்துனா மாட்ட அவுத்துக்கினு மேட்டுக்குப் போயிருவேன். எனக்கு அவ்ளோதான் தெரியும்."

சந்தையில் அவர் தெலுங்கில் பேரம் பேசுவதை எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! படிக்க வருமா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

போனை என்னிடம் நீட்டினார். "திரும்பக் கத்த வுடு."

ஆன் செய்தேன். அதே பக்கத்தில் விரலைக் கொஞ்சம் கீழே தள்ளினால் இன்னொரு வசதி - எச்சரிக்கைச் செய்தியைப் போனே வாய்விட்டுப் படித்துக் காட்டுமாம். அதையும் ஆன் செய்தேன். அன்று கல்யாணத்தில் அவ்வளவு கீழே நான் பார்க்கவில்லை.

எங்கள் இருவரில் படிக்கத் தெரிந்தவன் நான்!